பாஸ்வேர்டு மேனேஜர் போதுமா, பெரிய பாதுகாப்புத் தளம் வேண்டுமா?

டோல்கேட் பக்கத்து லாரி, கிளியரிங் ஆபீஸ்களில் ஐஸ்கேட், ஜிஎஸ்டி, இ-வே பில், பேங்க் என எல்லா பாஸ்வேர்டும் மானிட்டர் ஓரம் ஒட்டிய ஒரே சீட்டில் இருப்பதுண்டு. அதைக் கிழிக்கும் முன்:

1. எத்தனை பேர் லாகின் செய்கிறார்கள் என்று எண்ணவும். பத்துப் பேருக்குள் என்றால் பாஸ்வேர்டு மேனேஜரே போதும். எல்லாக் கணினிகளையும் கண்காணிக்கும் பெரிய தளம் அனுப்பும் எச்சரிக்கைகளைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் சந்தா தண்டம்.

2. பிட்வார்டன் போன்றவற்றில் நிறுவனக் கணக்கு எடுக்கவும். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்றே நீக்கலாம். அவர் பார்த்த பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடவும். பலர் மறப்பது இதைத்தான்.

3. மாஸ்டர் பாஸ்வேர்டைத் தொடர்பில்லாத நாலைந்து சொற்களால் நீளமாக அமைக்கவும். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜரின் பாஸ்வேர்டு பெட்டகங்களின் நகல் திருடுபோனபோது, எளிய மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம்.

4. இ-வே பில்லுக்கு ஊழியர் ஒவ்வொருவருக்கும் சப்-யூசர் உருவாக்கவும். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி முதலாளி போனுக்கு மட்டும் வந்தால், அவர் தூங்கும்வரை லோடும் தூங்கும்.

5. சொந்த சர்வர், பல கிளைகள் இருந்தால் பெரிய தளமும் வாங்கவும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேரை பாஸ்வேர்டு மேனேஜர் தடுக்காது. தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், லாகுகளை 180 நாள் வைத்திருக்கவும் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் உத்தரவிட்டிருக்கிறது.

6. ஆன்லைன் மோசடியில் பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்கவும். தாமதித்தால் பணம் கணக்கு மாறிவிடும்.