களி கிளறும் கையில் கைபேசி வேண்டாம்

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறிச் சத்தத்தோடு வளர்ந்த பிள்ளைகள் திருத்தணியில் ரயில் ஏறிப் போய், சென்னையில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கிறார்கள். ராத்திரியில் ஒருத்தி படம் வரைகிறாள், ஒருத்தன் குறும்படத்துக்குக் கதை எழுதுகிறான், இன்னொருத்தன் கிடார் பழகுகிறான். நடுவில் சமையலும் கற்றுக்கொள்கிறார்களாம். ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தவர்கள், "எல்லாத்தையும் எப்படித் தாத்தா சமாளிக்கிறது?" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். தறியும் தெரியும், பத்து பேருக்குச் சமைக்கவும் தெரியும் என்பதால் கேட்டிருப்பார்கள். வாயால் சொன்னால் மறந்துவிடும் என்று எழுதியே கேட்டதால் எழுதுகிறேன்.

1. அன்றாடச் சமையல் வேறு, ஆசைச் சமையல் வேறு. இரண்டையும் கலக்காதீர்கள். வேலை முடிந்து எட்டரைக்கு அறைக்கு வந்து, கைபேசியில் பார்த்த பிரியாணியைத் தொடங்கினால் சாப்பிடப் பத்தரை ஆகும், பாத்திரம் கழுவப் பதினொன்று ஆகும். அதற்கப்புறம் எங்கே படம் வரைவது? வாரநாளுக்கு யோசனையே இல்லாமல் கை தானாகச் செய்யக்கூடிய நாலு சாப்பாடு போதும். அலுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். மூளை மிச்சமாகிறதல்லவா, அதை வரைவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பரிசோதனை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

2. அந்த நாலில் ஒன்று கொள்ளாக இருக்கட்டும். காலையில் கிளம்பும்போது ஒரு பிடி ஊறப் போடுங்கள். ராத்திரி குக்கரில் ஆறேழு விசில். வெந்த தண்ணீரை வடித்து, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்து விட்டால் ரசம். மிஞ்சிய கொள்ளை வதக்கிய வெங்காயம், காய்ந்த மிளகாயோடு சேர்த்துக் கடைந்தால் கடைசல். மத்து இல்லாவிட்டால் டம்ளர் அடியே போதும். ஒரு அடுப்பில் ஒரு முறை ஏற்றிய குக்கரில் இரண்டு பதார்த்தம் வந்துவிட்டது. விசிலை எண்ண ஒரு காது போதுமே, கையும் கண்ணும் அதுவரை நோட்டுப் புத்தகத்தில் இருக்கலாம்.

3. களி அப்படி இல்லை, அதற்கு முழு ஆளும் வேண்டும். ஒரு டம்ளர் கேழ்வரகு மாவுக்கு ஒரு கைப்பிடி அரிசி நொய் ஊறவைத்து, மூன்று டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் அரை டம்ளரை முதலிலேயே எடுத்துத் தனியாக வையுங்கள். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், களி இளகிப்போவதும் கெட்டிப்படுவதும் இங்கேதான். இப்போது மாவை நடுவில் குவித்துக் கொட்டுங்கள். கிளறக் கூடாது. களி கிளறும் கட்டையின் காம்பால் நடுவில் ஒரு குழி குத்தி, மூடி, தீயைக் குறைத்துவிடுங்கள். பத்து நிமிஷத்தில் மாவுக்குள்ளும் ஆவி ஏறி, பச்சை வாடை போகும். பிறகுதான் கட்டையை எடுக்க வேண்டும். பானையைத் துணியால் இறுக்கிப் பிடித்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். கெட்டியாக இருந்தால் எடுத்து வைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். கையை நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தோள் வலிக்கும். வலிக்காமல் கிளறிய களியில் கட்டி இருக்கும்.

4. சமைக்கும்போது படம் பிடிக்கிற ஆசை எல்லாருக்கும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துப் பிள்ளைகளைச் சொல்வீர்கள். 2018-இல் பெரியதம்பி தாத்தாவோடு சேர்ந்து வயல்வெளியில் அண்டா வைத்துச் சமைத்து யூடியூபில் போடத் தொடங்கியவர்கள், 2021-இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்டார்கள். அந்த வருமானத்திலிருந்து முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். நானும் பார்க்கிறேன், அம்மியில் மசாலா அரைபடுகிற சத்தத்துக்காகவே பார்ப்பேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். அங்கே தாத்தாவும் பேரன்களுமாக ஒரு குடும்பமே நிற்கிறது. ஒருவர் காய் நறுக்கினால் ஒருவர் அரைக்கிறார், கேமராவைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள். நீங்கள் ஒரு ஆள். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கைபேசி என்றால் கடுகு கருகும், படமும் ஆடும். படம் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அறைத் தோழனைக் கூப்பிடுங்கள், சாப்பாட்டில் பங்கு கொடுங்கள்.

5. ஒரே நேரத்தில் எத்தனை வேலை எடுத்துக்கொள்ளலாம் என்பது அடுத்த கேள்வி. நம் ஊர்த் தறிக் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு தறி, நாலு தறி பார்க்கிறார். எங்கே இழை அறுந்தது, எந்த நாடாவில் நூல் சுற்றிய தார் தீர்ந்தது என்று சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அவரால் எப்படி முடிகிறது? நாலிலும் ஒரே நூல், ஒரே ரகத் துணி. ஒன்றில் லுங்கி, ஒன்றில் துண்டு, ஒன்றில் பட்டு என்று ஏற்றிக் கொடுத்தால் அவரே கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். உங்கள் படமும் கதையும் பாட்டும் சமையலும் நாலு தனித்தனி ரகமாக இருந்தால் நாலும் அரைகுறையாகத்தான் நிற்கும். ஒன்றின் நூல் இன்னொன்றிலும் ஓட வேண்டும். வரைகிற பெண் தான் சமைத்ததையே வரையட்டும். ஐம்பது பக்கம் சேர்ந்தால் அதுவே ஒரு புத்தகம். கதை எழுதுகிறவன் அறைச் சமையலில் நடக்கிற சண்டையை எழுதட்டும், அதைவிட நல்ல கதை அவனுக்குக் கிடைக்காது. கிடாருக்கு என்ன வழி என்று கேட்காதீர்கள், அதை ஆறு மாதம் உறையிலேயே வைக்கச் சொல்வேன்.

6. சிலிண்டருக்கு அலைய வேண்டாம். 5 கிலோ சிலிண்டரை முகவரிச் சான்று இல்லாமல் அடையாளச் சான்றை மட்டும் காட்டி வாங்கலாம்.

7. நாளுக்கு ஒரு ஆளிடம் என்று மாறி மாறிக் கற்றுக்கொள்ளாதீர்கள். சாம்பாருக்குப் பருப்பு எவ்வளவு என்று பத்து பேரைக் கேட்டால் பதினோரு அளவு வரும். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' இன்றும் கடையில் கிடைக்கிறது. அதையோ, உங்கள் அம்மாவையோ, யாரையாவது ஒருவரைப் பிடித்துக்கொண்டு ஒரு வருஷம் அவர் சொன்னபடியே செய்யுங்கள். உங்கள் கைமணம் எல்லாம் அப்புறம் வரும்.

8. ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனையைப் பீட்சாவில் ஆரம்பிக்க வேண்டாம், நம் ஊர் எதிர் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லையைத் திருத்திவிட்டார்கள், அடுப்பை யார் திருத்துவது? ஒரே தெருவில் இந்த வீட்டில் காரக்குழம்பு, அந்த வீட்டில் புளிச்சக்கீரைப் பச்சடி. இந்தக் கீரைக்குப் புளியே வேண்டாம். எண்ணெயில் தண்ணீர் விடாமல் வதக்கினால் தானே குழைந்துவிடும், வறுத்த மிளகாய், பூண்டோடு அரைத்து உப்புப் போட வேண்டியதுதான். அலுமினியப் பாத்திரம் மட்டும் கூடாது, புளிப்பு அதைத் தின்றுவிடும். எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினால் இரண்டாம் நாளே வீணாகும்.

9. "வேலையை விட்டால்தான் எழுத முடியும்" என்று ஒருத்தன் சொன்னான். நாஞ்சில் நாடனைப் படித்திருக்கிறாயா என்று கேட்டேன். பம்பாயில் கம்பெனி வேலை, ஊர் ஊராகச் சுற்றுகிற விற்பனைப் பிரதிநிதி. அந்த அலைச்சலுக்கு நடுவில்தான் 1977-இல் 'தலைகீழ் விகிதங்கள்' வந்தது. 2010-இல் சாகித்திய அகாதமி விருது. அவர் சாப்பாட்டைப் பற்றி எழுதியதைப் படித்தால் பசிக்கும். எழுத, ரயிலில் போகிற நேரம் உங்களுக்கும் இருக்கிறது.

10. பாத்திரம் யார் கழுவுவது என்பதை அறை எடுத்த அன்றே பேசி முடிவு பண்ணுங்கள். சமைத்தவன் கழுவக் கூடாது என்பது என் கட்சி. எத்தனையோ நல்ல சிநேகிதம் அடிபிடித்த பால் பாத்திரத்தில் முடிந்திருக்கிறது.

11. ஊருக்கு வரும்போது கேழ்வரகை வாங்கி, கல் பொறுக்கி, கழுவி, நன்றாகக் காயவைத்து மில்லில் அரைத்துக்கொண்டு போங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். அரைத்த சூடு ஆறும் வரை டப்பாவை மூடாதீர்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள், அதற்கு மேல் வைத்தால் வண்டு வந்துவிடும். கொள்ளை முழுசாகவே கொண்டு போகலாம், அது சீக்கிரம் கெடாது.