பாட்டுக்கு வந்த ஓட்டு

லயத்தையும் தொரை பங்களாவையும் பக்கத்துல வச்சுப் பாடினா யாருக்குத்தான் உறைக்காது? 1931இல் அட்டனில் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யர் கூட்டங்களில் பேசுவார். மனைவி மீனாட்சியம்மை பாடுவார். பாரதி பாட்டும் உண்டு, தோட்ட மக்கள் படும் பாட்டைச் சொல்லித் தாமே கட்டியவையும் உண்டு. நோட்டீசைக் கங்காணி பிடுங்கலாம். பாட்டை எப்படிப் பிடுங்குவது? ஒருத்தி எடுத்தால் நாலு நிரைக்குக் கேட்கும்!

1936இல் நடேசய்யர் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் நம்மவரில் பெரும்பாலோர் அந்த ஓட்டையே இழந்தார்கள். எஞ்சியோருக்கு 2003 வரை காத்திருப்பு.

தேர்தல் காலத்தில் கலஹா டவுனில் ஸ்பீக்கர் வேன் வந்தால் பிள்ளைகளோடு நின்னு கேளுங்க. பாட்டில் நம்ம கஷ்டம் வருதா? சரி. சம்பளத்துக்கும் காணிக்கும் என்ன செய்வோம்னு ஒரு வரியாவது வருதா?