எந்தக் கடலை? – ஒவ்வாமை பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்கு வரும் ஒரு தாய், கையில் மிக்சர் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இதில் கடலை இருக்கிறதா? பையனுக்கு ஒத்துக்கொள்ளாது" என்று கேட்கிறார். கடையில் கூட்டம். "எல்லாம் நல்ல சரக்குதான், தைரியமாகக் கொடுங்கள்" என்று பெட்டியடியில் இருந்து பதில் வருகிறது. நாம் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அந்தத் தாய் சரக்கின் தரத்தைக் கேட்கவில்லை. சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நாம் பதிலே சொல்லவில்லை.

ஒவ்வாமை, அதாவது அலர்ஜி, நம் தொழிலில் இரண்டு இடங்களில் குறுக்கிடுகிறது. ஒன்று, மூட்டைத் தூசியில் நின்று வேலை செய்யும் நம்முடைய மூக்கிலும் நெஞ்சிலும். மற்றொன்று, நாம் பொட்டலம் போட்டுக் கொடுக்கும் சரக்கை உண்பவரின் உடலில். இரண்டையும் பற்றி வணிகர்கள் அறிந்திருப்பது அவசியம்.

அலர்ஜி என்பது என்ன?

நோய்க் கிருமிகளை எதிர்க்க நம் உடலில் ஒரு காவல் ஏற்பாடு உண்டு. சிலருக்கு அந்தக் காவல், கோதுமை மாவு, நிலக்கடலை, இறால், பால் போன்ற தீங்கில்லாத பொருளையும் பகைவன் என்று தவறாகக் குறித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பொருள் மறுபடி உடலுக்குள் வரும்போது, ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்கள் மளமளவென்று வெளியாகின்றன. தும்மல், அரிப்பு, தடிப்பு, இழுப்பு எல்லாம் அதன் விளைவே. 'அலர்ஜி' என்ற பெயரை 1906-இல் வழங்கியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் பிர்க்கே.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, "இத்தனை வருடமாக இந்த மாவில்தானே புழங்குகிறேன், இப்போது எப்படி வரும்?" என்ற கேள்விக்கு இடமில்லை. பல ஆண்டுகள் பழகிய பொருளுக்கே அலர்ஜி புதிதாகத் தோன்றலாம். இரண்டாவது, அளவு. சர்க்கரை நோயாளி கொஞ்சம் இனிப்புத் தின்றால் கொஞ்சம் கெடுதல். கடுமையான உணவு அலர்ஜி உள்ளவருக்கோ, கரண்டியில் ஒட்டிய துகளே போதுமானதாகிவிடலாம்.

காரம் வேறு, அலர்ஜி வேறு

மிளகாய் வற்றல் மூட்டையைத் தட்டினால் கடையில் இருக்கும் எல்லோரும் தும்முவார்கள். அது அலர்ஜி அல்ல. மிளகாயின் காரம் மூக்கையும் தொண்டையையும் எரிப்பது. வெளியே போய் முகம் கழுவினால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். எல்லோரும் சும்மா இருக்கும்போது ஒருவருக்கு மட்டும் மாவு மூட்டை பிரித்தவுடன் தும்மல், கண் அரிப்பு, நீராக மூக்கொழுகல் வருமானால் அங்கேதான் அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும்.

இது புதிய செய்தியுமல்ல. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமஸினி, தானியம் சலிப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் வரும் இருமலையும் மூச்சுத் திணறலையும் அப்போதே குறித்திருக்கிறார். மாவில் புழங்குவோருக்கு வரும் ஆஸ்துமாவுக்கு 'பேக்கரி ஆஸ்துமா' என்றே மருத்துவத்தில் பெயர். ஈரப்பதம் ஏறிய தானியத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளும் பூஞ்சணமும் வளர்கின்றன. கரப்பான், எலி இவற்றின் எச்சமும் தூசியோடு சேர்கிறது. இவை அனைத்துமே அலர்ஜியைத் தூண்டக்கூடியவை.

கிட்டங்கித் தூசி ஊரையே பாதித்த வரலாறும் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் 1981 முதல் 1987 வரை 26 முறை, திடீரென்று ஒரே நாளில் ஏராளமானோர் ஆஸ்துமாவுடன் மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். உயிரிழப்பும் நேர்ந்தது. துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாட்களில்தான் இது நடந்தது என்று ஆராய்ச்சியில் தெரிந்தது. சேமிப்புக் கிடங்கில் தூசி வடிகட்டி பொருத்தியதும் அந்தத் தொல்லை நின்றது. மருந்தை விடத் தூசியைத் தடுப்பதே முதல் சிகிச்சை என்பதற்கு இது நல்ல சான்று.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

செலவில்லாத ஒரு சோதனையை ஒவ்வொருவரும் செய்து பார்க்கலாம். ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: எந்த நாள், எந்த நேரம், எந்தச் சரக்கைக் கையாண்டபோது தொல்லை வந்தது? கடை விடுமுறை நாளில் எப்படி இருந்தது? விடுமுறையில் குறைந்து, கடை திறந்ததும் கூடுகிறது என்றால் காரணம் கடையில்தான் இருக்கிறது. ஆஸ்துமா கடையில் இல்லாமல் இரவு படுத்த பின் இழுப்பாக வருவதும் உண்டு; அதையும் எழுதுங்கள். இந்த நோட்டை மருத்துவரிடம் காட்டினால், தோலில் குத்திப் பார்க்கும் சோதனை தேவையா, எதற்குச் செய்வது என்று அவர் முடிவு செய்ய எளிதாக இருக்கும்.

தும்மலை ஆண்டுக் கணக்கில் பொறுத்துக்கொண்டால், சிலருக்கு அது நெஞ்சுக்கு இறங்கி நிரந்தர ஆஸ்துமாவாகிறது. பிறகு தொழிலையே விட நேரிடும். மாவு நிறுக்கும் பையன் இருமினால் "சோம்பேறி" என்று கடிந்துகொள்ளாமல் வேறு பிரிவுக்கு மாற்றி, மருத்துவரிடம் அனுப்புவது முதலாளியின் கடமை.

சிகிச்சை முறைகள்

சாதாரணத் தும்மல், அரிப்பு, தடிப்புக்கு ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரைகள் உதவும். குளோர்பெனிரமின் போன்ற பழைய வகை மாத்திரைகள் தூக்கம் தரும். செட்ரிசினும் சிலருக்குத் தூக்கம் தரும். அதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுவதும், ஏணியில் ஏறி மூட்டை அடுக்குவதும் கூடாது.

நாள்பட்ட மூக்கு அலர்ஜிக்கு மருத்துவர் தரும் மூக்கு ஸ்பிரே மாத்திரையை விடச் சிறந்தது. அதன் பலன் சில நாட்கள் கழித்தே தெரியும். இரண்டு நாளில் நிறுத்திவிடக் கூடாது. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர்தான் சரியான வழி. "அது பழகிவிடும்" என்ற பயம் தேவையற்றது. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால் சிறிய அளவே போதும்.

ஒரு எச்சரிக்கை. மருந்துக் கடையில் "தும்மலுக்கு இரண்டு மாத்திரை" என்று கேட்டு வாங்கும் கலவையில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கலாம். உடனே குணம் தெரியும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு பலவீனமாகும். மருத்துவர் சீட்டின்றி அதைத் தொடாதீர்கள்.

கடையில் செய்ய வேண்டியவை

1. உலர்ந்த தரையைத் துடைப்பத்தால் வாரிப் பெருக்காமல், ஈரத் துணியால் துடைக்கவும்.
2. மாவு மூட்டையை உயரத்திலிருந்து டப்பாவில் கொட்டாமல், வாய் தாழ்த்தி மெதுவாகச் சரிக்கவும். காலிச் சாக்கைக் கடைக்குள் உதறக் கூடாது.
3. தூசி வேலைக்கு என்-95 முகமூடி அணியவும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டுவது நுண்ணிய தூசியைத் தடுக்காது.
4. மூட்டைகளைச் சுவரிலும் தரையிலும் படாமல் பலகை மேல் அடுக்கவும். ஈரம் குறைந்தால் பூஞ்சணமும் பூச்சியும் குறையும்.
5. பூண்டு உரிப்பவர்களுக்கு விரல் நுனி வெடித்துத் தோல் உரிவது உண்டு. அதுவும் ஒருவகை அலர்ஜியே. வேலையை மாற்றிக் கொடுப்பது நல்லது.

எந்தக் கடலை?

இனி வாடிக்கையாளர் பக்கம் வருவோம். நம் பேச்சில் 'கடலை' என்ற ஒரு சொல் பல சரக்குகளைக் குறிக்கிறது. கடலை எண்ணெய் நிலக்கடலையில் ஆட்டியது. கடலை மாவு கடலைப் பருப்பில் அரைத்தது. கடலை மிட்டாய் நிலக்கடலை. பொட்டுக்கடலை கொண்டைக்கடலை இனம். வட மாவட்டங்களில் நிலக்கடலைக்கு மல்லாட்டை, மணிலாக்கொட்டை என்றும் பெயர். ஆகவே "கடலை இருக்கிறதா?" என்று கேட்டால் நம் முதல் பதில், "எந்தக் கடலை?" என்ற எதிர்க் கேள்வியாகவே இருக்க வேண்டும்.

மறைந்திருக்கும் பொருள்களையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை அல்லது அரிசி மாவு சேர்கிறது. இட்லிப் பொடியில் எள் இருக்கும். மஞ்சள் நிற உலர் திராட்சையைக் கந்தகப் புகையில் பதப்படுத்துகிறார்கள்; அதில் தங்கும் சல்பைட் சில ஆஸ்துமா நோயாளிகளுக்கு இழுப்பைத் தூண்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் நிலக்கடலையின் புரதம் மிஞ்சியிருக்கும்.

2020-ஆம் ஆண்டின் இந்திய உணவு லேபிள் விதிமுறைகள், பொட்டலத்தில் அறிவிக்க வேண்டிய அலர்ஜிப் பொருள்களாக இவற்றைச் சொல்கின்றன: கோதுமை, பார்லி போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், இறால், நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்குக் குறையாத சல்பைட். எள்ளும் கடுகும் இந்தப் பட்டியலில் இல்லை என்பதால் லேபிளை மட்டும் நம்பி அவற்றுக்குப் பதில் சொல்லக் கூடாது.

பெட்டியாக வந்ததைப் பிரித்துச் சில்லறையாகப் போடும்போது லேபிள் பெட்டியோடு நின்றுவிடுகிறது. பிறகு வாங்குபவருக்கு நம் வாய்ச்சொல் ஒன்றே லேபிள். ஆகவே பெட்டியின் லேபிளை வெட்டி டப்பாவில் ஒட்டி வையுங்கள். நிலக்கடலைக்கும் முந்திரிக்கும் தனித்தனி அள்ளுகரண்டி வையுங்கள். தராசுத் தட்டைத் துடைத்த பின் அடுத்த சரக்கை நிறுங்கள்.

கலப்படமும் மாற்றுச் சரக்கும் இங்கே வெறும் மோசடி மட்டுமல்ல. 2014 இறுதியிலும் 2015-லும் அமெரிக்காவில் சீரகத்தூளில் அறிவிக்கப்படாத நிலக்கடலை இருப்பது தெரிந்து, அந்தத் தூள் சேர்ந்த நூற்றுக்கணக்கான பொருள்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். இங்கிலாந்தில் இந்திய உணவகம் நடத்திய ஒருவர், பாதாம் தூளுக்குப் பதிலாக மலிவான நிலக்கடலை கலந்த தூளைப் பயன்படுத்தினார். தனக்குக் கொட்டை ஆகாது என்று சொல்லி உணவு வாங்கிய வாடிக்கையாளர் 2014-இல் இறந்தார். 2016-இல் நீதிமன்றம் உரிமையாளருக்கு ஆறாண்டு சிறை விதித்தது. கொள்முதலில் மிச்சமான சில்லறைக்காக ஓர் உயிர் போயிற்று.

ஆபத்து நேரத்தில்

ஏதேனும் உண்ட சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணி நேரத்தில், உடலெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், வாந்தி, தலைசுற்றல் தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான அலர்ஜி. தடிப்பே இல்லாமலும் இது வரலாம். குளவி, தேனீ கொட்டினாலும் வரும். அப்போது:

1. உடனே 108-ஐ அழைத்து, "அலர்ஜியால் மூச்சுத் திணறல்" என்று தெளிவாகச் சொல்லவும்.
2. படுக்க வைத்துக் காலை உயர்த்தவும். மூச்சு முட்டினால் காலை நீட்டி உட்காரலாம். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. இருசக்கர வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவது ஆபத்து.
3. உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. அது தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும். நோயாளியிடம் அந்த ஊசி இருந்தால் தயங்காமல் போட உதவவும். மாத்திரையை மட்டும் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது.
4. தண்ணீர், மோர் எதையும் வாயில் ஊற்ற வேண்டாம்.
5. குணமானது போல் தோன்றினாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்க வேண்டும். சிலருக்கு மறுபடி வரும்.

இந்த ஐந்தையும் ஓர் அட்டையில் எழுதிப் பெட்டியடியில் மாட்டி வைக்கலாம்.

முடிவாக ஒன்று. "இல்லை" என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே "இல்லை" என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்குச் சரியாகத் தெரியவில்லை அம்மா, பையனுக்கு இது வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அன்று ஒரு பொட்டலம் விற்பனை குறையும். ஆனால் அந்தத் தாய் மாதச் சாமானுக்கு நம் கடைக்குத்தான் வருவார். ஏனென்றால் நம் சொல்லை நம்பலாம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.