நம்பரைக் குரூப்புல போட்டுட்டானா? சிம்மை மாத்தாதீங்க!

பழகிப் பிரிஞ்சவன் ஒருத்தன் உங்க போன் நம்பரை ஏதோ ஆபாச குரூப்புல போட்டுட்டான். ராத்திரி நேரத்துல யார் யாரோ கூப்பிடுறாங்க. பதறிப்போய் சிம்மை மாத்தவும் எல்லாத்தையும் டெலீட் பண்ணவும் தோணும். பொறுங்க தங்கச்சி, அந்த கால் லிஸ்ட்தான் உங்க சாட்சி.

கூப்பிடுறவங்ககிட்ட "என் நம்பர் எங்க கிடைச்சுது?"ன்னு கேட்டுப் பாருங்க. பல பேர் சட்டுனு வெச்சிடுவாங்க. எவனாவது ஒருத்தன் லிங்க்கையே அனுப்பினாலும் அனுப்புவான். போட்டவனோட ஐடி, தேதி, நேரம் எல்லாம் தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. பேரை எப்ப வேணா மாத்திடுவான். அதனால ப்ரொஃபைல் லிங்க்கையும் காப்பி பண்ணி வைங்க. இதெல்லாம் கையில வந்த பிறகு அந்த ஆப்லயே ரிப்போர்ட் அடிச்சு பதிவை எடுக்கச் சொல்லலாம்.

நம்ம நாட்டுல இப்படி ஒருத்தர் நம்பரைப் பரப்பறதுக்குன்னு தனிச் சட்டம் இல்லை. "அப்படி செக்ஷனே இல்லையேம்மா"ன்னு ஸ்டேஷன்ல சொன்னா எழுந்து வந்துடாதீங்க. வேண்டாம்னு சொல்லியும் ஒருத்தன் விடாம தொடர்பு கொண்டா பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) 78, பேரை மறைச்சு மிரட்டினா 351 இருக்கு. உங்க பேர்ல போலிக் கணக்கு திறந்தா ஐடி சட்டம் 66சி, 66டி. அந்தரங்கப் படம்னா 66இ, ஆபாசமா பரப்பினா 67. எந்த செக்ஷன்னு பார்க்கறது அவங்க வேலை. உங்க வேலை மனுவைச் சரியா எழுதறது. "ரொம்பத் தொல்லை தர்றான்"னு மொட்டையா எழுதாதீங்க. "14-ம் தேதி இரவு 11.20-க்கு இந்த நம்பரிலிருந்து அழைப்பு வந்தது, இப்படிப் பேசினார்"னு வரிசையா எழுதி, ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து இணைங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனை வித்துடாதீங்க, கேஸ் முடியற வரைக்கும் தேவைப்படும்.

"எங்க லிமிட் இல்லை"ன்னு ஸ்டேஷன்ல சொன்னா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) 173-படி எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர் போடலாம்னு சொல்லுங்க. புகார் வாங்கினதுக்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காம வெளிய வராதீங்க.

நேரா போகத் தயக்கமா? நேஷனல் சைபர் கிரைம் போர்ட்டல்ல, பெண்கள், குழந்தைகள் பகுதியில பேர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆனா அப்படித் தந்தா புகார் என்னாச்சுன்னு பின்னாடி பார்க்க முடியாது. பேர் போட்டே தாங்கன்னுதான் நான் சொல்வேன்.

அப்புறம், நம்பர் வெளிய போற இன்னொரு வழியையும் அடைச்சிடுங்க. வரன் பார்க்கற வாட்ஸ்அப் குரூப்புக்கு அம்மா அனுப்பற பயோடேட்டாவை ஒரு தடவை வாங்கிப் பாருங்க. அதுல வீட்டுக் கதவு எண்ணும் உங்க நம்பரும் எதுக்கு? அப்பா நம்பர் போதும்.