முதல் செமினாருக்கு முன்

கண்ணம்மா,

உயிர் இயற்பியல் துறையில் உன் முதல் செமினார் அடுத்த வாரம் என்று உன் அம்மா சொன்னாள். கைனசின் புரதம் நடப்பதை அளந்த 1993ஆம் ஆண்டுக் கட்டுரையை எடுத்திருக்கிறாயாம். பேசியும் கேட்டும் செமினார் அறைகளிலேயே தலை நரைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

1. சுருக்கத்தை மனப்பாடம் செய்யாதே, படத்தோடு உட்கார். லேசர் ஒளி பிடித்துவைத்திருக்கும் ஒரு சிறு மணி, அதை நுண்குழல்மேல் இழுத்துப்போகும் ஒரே ஒரு கைனசின், நடுங்கிக்கொண்டே படிப்படியாய் ஏறும் ஒரு கோடு. ஒரு படி 8 நானோமீட்டர். அந்த நடுக்கத்துக்குள் படி இருப்பதை எப்படி நம்பினார்கள்? இழுவிசை கூடினால் மணியின் நடுக்கம் அடங்கும், கைனசினின் எரிபொருளான ஏ.டி.பி.யை (ATP) குறைத்தால் நடை மெதுவாகும். முடிவைவிட இதைச் சொல்வதற்குத்தான் உனக்கு மேடை கொடுத்திருக்கிறார்கள்.

2. எண்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டு. கைனசின் ஏறக்குறைய 6 பைகோநியூட்டன் விசையை எதிர்த்து இழுக்கும். 8 நானோமீட்டரால் பெருக்கினால் 48 பைகோநியூட்டன்-நானோமீட்டர். உயிரணுவுக்குள் ஒரு ஏ.டி.பி. மூலக்கூறு தருவது அதே அலகில் 80 முதல் 100. கிட்டத்தட்ட பாதி, வேலையாகிறது! அறை வெப்பத்தின் உதறலோ சுமார் 4. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பின்வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

3. நேரத்துக்குள் முடி. உனக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்.

4. மனத்துக்குப் பிடித்த முடிவை இன்னொரு முறை உரசிப் பார். குளிர்நிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பேர்பெற்ற ரிச்சர்ட் ஹெண்டர்சன் 2013இல் தன் துறையையே எச்சரித்தார். வெறும் இரைச்சல் படங்களை ஐன்ஸ்டீன் முகத்தோடு பொருத்திப் பொருத்திச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் முகமே வந்து நிற்கும். தேடியதுதான் கிடைக்கும் என்றால் அது கண்டுபிடிப்பு இல்லை, தாயே.

5. கேள்வி கேட்பவர் உன் பகையாளி அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1950களில் கொலாஜனுக்கு மும்மடிச் சுருள் மாதிரி தந்தபோது, சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று கிரிக்கும் ரிச்சும் குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் வாதாடுவதோடு நிற்கவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை தெரிந்த படிக அமைப்புகளை எல்லாம் புரட்டினார். ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து 1963இல் அவர் வெளியிட்ட வரைபடத்தை வைத்துத்தான் உலகம் இன்றும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறது. அந்தப் பொறுமைக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல், குறித்துக்கொள், மறுநாள் தேடிப் போய்ப் பதில் சொல். ஒரு மாணவி அப்படி எழுதிய தாளோடு காலையில் என் அறை வாசலில் நின்றாள். அவள் செமினாரில் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

6. உழைத்தவர் பெயரை விடாதே. டி.என்.ஏ.யின் புகழ்பெற்ற 51ஆம் படத்தை 1952இல் எடுத்தவர் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் வழிகாட்டலில் இருந்த ரேமண்ட் காஸ்லிங் என்ற ஆய்வு மாணவர். உன் கட்டுரையின் முதல் ஆசிரியர் கரேல் ஸ்வோபோடாவும் அப்போது ஆய்வு மாணவர்தான். முதல் ஸ்லைடிலேயே பெயரைப் போடு, வாயாலும் சொல். உன்கூடப் படிக்கும் பிள்ளைகள் காதில் அது விழட்டும்.