ஒட்டும் அரிசியும் ஒட்டா அரிசியும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள காஞ்சிரங்குளம், பாறசாலை முதலிய எல்லைப்புறக் கிராமங்களில் தெரளியப்பம் என்னும் பலகாரம் செய்யப்படுகிறது. பச்சரிசி மாவுடன் வெல்லம், வாழைப்பழம், தேங்காய்த் துருவல், ஏலக்காய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, வாசனையுள்ள வழனை இலையில் கூம்பாகச் சுருட்டி, ஈர்க்கினால் குத்தி, ஆவியில் வேகவைப்பர். ஆற்றுக்கால் பொங்கலின்போது இது நிவேதனமாகவும் படைக்கப்படுகிறது.

இந்த அப்பம் சூடாக இருக்கையில் மிருதுவாகவும், மறுநாள் கெட்டியாகவும் இருக்கும். ஜப்பானியரின் மோச்சியோ கையில் இழுத்தால் நீளும். இரண்டும் அரிசியே. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

அரிசியின் மாவுச்சத்தில் இரு பொருள்கள் உள்ளன. அமைலோஸ் பெரும்பாலும் கிளைகளற்ற நீண்ட சங்கிலி. அமைலோபெக்டின் பல கிளைகள் உடையது. ஒட்டும் அரிசியில் அமைலோஸ் ஏறத்தாழ 2 சதவீதத்திற்கு மேற்படுவதில்லை. நம் நாட்டில் சோற்றுக்கு வழங்கும் அரிசி வகைகள் பலவற்றில் அது 20 சதவீதத்திற்கும் மேல் உண்டு. வெந்த மாவு ஆறும்பொழுது அமைலோஸ் சங்கிலிகள் ஒன்றோடொன்று விரைவில் இணைந்து இறுகுகின்றன. கிளைகள் மிக்க அமைலோபெக்டின் மெதுவாகவே இறுகும். தெரளியப்பத்தில் சேரும் வெல்லம் ஈரத்தைப் பிடித்துவைத்து இறுகுதலை ஓரளவு தாமதப்படுத்துகிறது.

வியட்நாமியர் தம் புத்தாண்டுக்கு இலையில் பொதிந்து வேகவைக்கும் பான் சுங் ஒட்டும் அரிசியால் ஆனது. கொரியாவில் பைன் மர ஊசியிலைகளின்மீது அவிக்கப்படும் சொங்பியன் சாதாரண அரிசி மாவினால் ஆனது. ஆகவே அது நம் கொழுக்கட்டைக்கே நெருங்கிய உறவு. இந்தியாவிலும் ஒட்டும் அரிசி உண்டு. அஸ்ஸாமில் போரா அரிசியால் பிட்டா என்னும் பலகாரம் செய்யப்படுகிறது. மணிப்பூரின் கருநிறச் சாக்-ஹாவ் அரிசி 2020இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஒட்டும் தன்மையைக் கண்டு, அதில் கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் இருப்பதாகச் சிலர் கருதுவர். இது தவறு. அரிசி எவ்வகையாயினும் அதில் கோதுமைக் குளூட்டன் இல்லை. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயாளிக்கு இதனைத் தெளிவாக விளக்குதல் வேண்டும். இல்லையேல், உண்ணத்தக்க உணவையும் அவர் வீணே விலக்குவார். எனினும், கோதுமை மாவு கலந்த பலகாரம் அவருக்கு ஆகாது.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். இருவகை அரிசி மாவையும் தனித்தனியே நீரில் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, நீர் கலந்த அயோடின் கரைசலைச் சில துளிகள் இடுக. சாதாரண அரிசிக் கஞ்சி கருநீலமாகும். ஒட்டும் அரிசிக் கஞ்சி செம்பழுப்பு நிறம் பெறும். சோதித்த கஞ்சியை எவரும் உண்ணலாகாது.

களப்பணியாளர் தாய்மாருக்கு இரு செய்திகளைக் கூறுதல் நலம். கெட்டியான அப்பத்தை மீண்டும் ஆவியில் சூடாக்கினால் பெரும்பாலும் மென்மை திரும்பும். குளிர்பதனப் பெட்டியிலோ அது விரைவில் இறுகும். அடுத்தது உயிரைப் பற்றியது. ஜப்பானில் புத்தாண்டுக் காலத்தில் மோச்சி தொண்டையில் அடைத்து முதியோர் இறப்பதுண்டு. ஆதலால், ஒட்டும் பலகாரத்தை முதியோருக்குச் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி, உட்காரவைத்து, மென்று விழுங்கச் செய்தே அளிக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு அதனைத் தவிர்ப்பதே நன்று.