ஒயர் பிய்கிறதா?

சார்ஜர் ஒயர் பெரும்பாலும் பிய்வது பிளக்கை ஒட்டிய இடத்தில்தான். அங்குள்ள ரப்பர் கழுத்து குட்டையாக, விறைப்பாக இருந்தால் வளைவின் அழுத்தம் முழுவதும் ஒரே புள்ளியில் விழும். உள்ளே செம்புக் கம்பி அறுந்துபோகும். வாங்கும்போதே நீளமான, நெகிழும் கழுத்துள்ளதாகப் பாருங்கள். கழற்றும்போது ஒயரை இழுக்காமல் பிளக்கைப் பிடியுங்கள். உள்கம்பி வெளியே தெரிந்தால் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

ஆப்பிள் மேஜிக் மவுஸில் 2015 முதல் சார்ஜ் துளை அடிவயிற்றில்! சார்ஜ் ஏறும்போது மவுஸைப் பயன்படுத்த முடியாது. 2024இல் யூஎஸ்பி-சிக்கு மாறியும் துளை இடம் மாறவில்லை, பிடிவாதம்தான். சாப்பிடப் போகும்போது சொருகிவிடுங்கள்.

பழைய மைக்ரோ யூஎஸ்பியைத் தலைகீழாகச் சொருகினால் போனின் துளை கெடும். பிளக்கின் மேல்பக்கம் அடையாளத்துக்கு ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள்.